கோழி உட்கார்ந்திருந்த சேணம்

என் தம்பி அந்தக் குதிரையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு கேட்டில் கட்டியபோது, என் கணவர் விறுவிறுவென்று மாடிக்கு ஏறிப் போய்விட்டார். பேச்சுவார்த்தையை அங்கிருந்துதான் நடத்தினார்.

“மச்சான், எத்தனை நாளைக்கு இது இங்க இருக்கும்?”

“இனிமே இங்கதான் மாமா. அக்காவுக்குத்தான் குதிரை ஏறத் தெரியுமே.”

“உங்க அக்காவுக்கு நீச்சல்கூடத்தான் தெரியும். அதுக்குன்னு வீட்டுல கொளமா வெட்டி வெச்சிருக்கேன்?”

அது 2007. கடலூரில் செம்மண்டலத்தில் குடியிருந்தோம். நான் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். அவர் கரண்ட் ஆபீசில் ஸ்டோர் கீப்பர். தம்பி கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். மஸ்கட்டில் வேலை கிடைத்ததும் தொழிலை மூட்டை கட்டினான். இருந்த மூன்று குதிரைகளில் இரண்டு உடனே விலை போய்விட்டன. இந்த மூன்றாவதை மட்டும் யாரும் சும்மா கொடுத்தால்கூட வாங்கத் தயாராக இல்லை. மஞ்சக்குப்பத்தில் நடந்தது அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

மஞ்சக்குப்பத்தில் நடந்தது இதுதான். ஒரு மாப்பிள்ளை தலைப்பாகையும் மாலையுமாக இந்தக் குதிரைமேல் ஏறி உட்கார்ந்து, பேண்டு வாத்தியத்தோடு கல்யாண மண்டபத்துக்கு வந்துகொண்டிருந்தார். மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சேணம் மெல்லச் சாயத் தொடங்கியது. அவர் விழவில்லை. விழுந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும். சேணத்தோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கமாகச் சரிந்து, கடைசியில் குதிரையின் விலாவில் ஒட்டிக்கொண்டு, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி மாமனார் வீட்டாரைப் பார்த்துக் கும்பிட்டாராம். பேண்டு வாத்தியக்காரர்கள் அதையும் ஏதோ ஒரு வழக்கம் என்று நினைத்து நிறுத்தாமல் வாசித்திருக்கிறார்கள்.

குதிரையைக் குற்றம் சொல்லி லாபமில்லை. அது உருண்டை. சாதாரணமாகக் குதிரைக்குப் பிடரிமயிர் முடிகிற இடத்தில் ஒரு மேடு இருக்கும்; சேணம் பக்கவாட்டில் உருளாமல் அந்த மேடுதான் பிடித்து வைக்கும். எங்களுக்கு வாய்த்ததில் மேடே கிடையாது. கழுத்திலிருந்து வால்வரை படுக்கவைத்த தண்ணீர் டிரம் மாதிரி ஒரே வழவழப்பு. முதுகு வேறு குட்டை. அதோடு இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் பெரிசு. சாம்பல் புள்ளி விழுந்த வெள்ளை நிறம், நல்ல குணம், கூப்பிட்டால் வரும். தம்பி வைத்திருந்த பேர் எதற்கும் அது திரும்பிப் பார்க்கவில்லை. “வாம்மா” என்றால் மட்டும் வந்தது. அதனால் அதுவே பேராகிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் காலி மனை ஒன்று இருந்தது. மனைக்காரரிடம் கேட்டுக்கொண்டு தகரக்கூரை போட்டு அங்கே கட்டினோம். கொள்ளும் புல்லும் வைப்பது என் வேலை. என் கணவர் ஜன்னலுக்குள்ளிருந்தே விசாரிப்பார்: “சாப்ட்டியா?” அது காதை ஆட்டினால் திருப்தியோடு ஆபீசுக்குக் கிளம்புவார்.

சென்னையில் படித்தபோது ஒரு ரைடிங் கிளப்பில் ஞாயிறுதோறும் குதிரை ஏறக் கற்றுக்கொண்டிருந்தேன். அதன்பிறகு கல்யாணம், வேலை. விளையாட்டு டீச்சர் என்று பேர்தானே தவிர, வருஷக்கணக்காக நான் எதுவும் விளையாடவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு மற்றவர்களை ஓடச் சொல்வதுதான் என் வேலை. குதிரையைக் கையில் பிடித்த அன்றைக்கே உள்ளங்காலில் ஒரு துறுதுறுப்பு வந்துவிட்டது.

தம்பி விட்டுப் போன சேணம் ஜரிகையும் குஞ்சமும் வைத்த கல்யாணச் சேணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, சுடிதார் மாட்டிக்கொண்டு, வயிற்று வாரை இறுக்கிக் கட்டி ஏறினேன். தெருமுனைவரை ராணி மாதிரி போனேன். முனையில் திரும்பும்போது மாப்பிள்ளைக்கு ஆனதுதான் எனக்கும் ஆனது. ஒரே வித்தியாசம், நான் கும்பிடவில்லை. காய்கறித் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டேன். இறங்கினேன் என்றுதான் இன்றுவரைக்கும் சொல்லிவருகிறேன். காய்கறி வாங்கிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் “குட் மார்னிங் மிஸ்” என்றார்கள்.

என் கணவர் ஓடிவந்தார். திட்டுவார், குதிரையை விற்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், அடிபடவில்லை. குதிரையைப் பார்த்தார், அது கொத்தமல்லிக் கட்டை மென்றுகொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே தொங்கிய சேணத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“உன் மேலயும் தப்பில்ல. அது மேலயும் தப்பில்ல. சைஸ் தப்பு” என்றார்.

ஸ்டோர் கீப்பருக்கு அதற்குமேல் எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை. மறுநாளிலிருந்து அவர் குதிரை ஏறாத குதிரைக்காரர் ஆனார்.

முதலில் சேணத்துக்குக் கீழே ஜமக்காளத்தை மடித்து வைத்துப் பார்த்தார். இன்னும் மோசமாக உருண்டது. சாயங்காலங்களில் பிரவுசிங் சென்டருக்குப் போய், பக்கத்து கேபினில் பையன்கள் கேம் ஆடுகிற சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து சேணத்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்தார். சாப்பிடும்போது எனக்கு வகுப்பு நடக்கும். “சின்னச் செருப்புல ரெண்டு சாக்ஸ் போட்டா என்னா ஆகும்? இன்னும் டைட்டாத்தான் ஆகும். ஜமக்காளம் வெச்சது அந்தக் கதைதான். இதுக்கு அகலமான சட்டம் வேணும். உள்ள இருக்கிற மரச்சட்டம். அது முதுகோட வளைவுக்குச் சரியா உக்காரணும். நடு முதுகெலும்பைத் தொடக்கூடாது. தோள் எலும்பை இடிக்கக்கூடாது.”

“சரி, முதுகோட வளைவை எப்படிப் புடிக்கிறது?”

அவர் பைக்குள்ளிருந்து ஒரு கம்பியை எடுத்தார். தடித்த அலுமினியக் கம்பி. வளைத்தால் வளைந்த இடத்திலேயே நிற்கும். அதைக் குதிரையின் முதுகில் வைத்து அழுத்தி, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்வதுதான் திட்டம். திட்டத்தில் ஒரே ஒரு சிக்கல். வைத்து அழுத்தக் குதிரையைத் தொட வேண்டும்.

“நீ அழுத்து, நான் சொல்றேன்” என்றார்.

“எனக்கு அளவு எடுக்கத் தெரியாதுங்க. நீங்கதான் எடுக்கணும்.”

வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர் மூன்று தடவை கிட்டே போய், மூன்று தடவையும் கொள்ளு இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பிவந்தார். கடைசியில் அது தானாகவே நகர்ந்து வந்து, அவர் சட்டைப்பையில் மூக்கை வைத்து மூச்சு விட்டது. பேனா, பஸ் டிக்கெட், எல்லாம் ஈரம். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு கண்ணைத் திறந்து, கையை மெதுவாக அதன் முதுகில் வைத்தார்.

“சுடுது” என்றார் ஆச்சரியமாக. “நல்லா கதகதப்பா இருக்குது.”

அன்றைக்கு அளவெடுத்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது. பாதி நேரம் அவர் அளவே எடுக்கவில்லை.

அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினோம். அங்கே கல்யாணக் குதிரைகள் வைத்திருந்த ஒருவரிடம் பத்துப் பதினைந்து சேணம் இருப்பதாகத் தம்பி போனில் சொல்லியிருந்தான். அட்டை நல்ல அகலம். மடியில் வைத்தால் எனக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

“என்னா சார் இது?”

“குதிரை முதுகு.”

கண்டக்டர் கொஞ்சம் யோசித்தார். “முதுகு மட்டும்னா டிக்கெட் வேணாம். முழுசா வந்தா சொல்லுங்க.”

சிதம்பரத்துக்காரர் நல்ல மனிதர். தேர் வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் லாயம் வைத்திருந்தார். என் கணவர் ஒவ்வொரு சேணமாகக் கவிழ்த்து அட்டையைப் பொருத்திப் பார்ப்பதை வெற்றிலையை மென்றபடி வேடிக்கை பார்த்தார். “பொண்ணுக்கு மாப்ள பாக்குறவங்க போட்டோ எடுத்துகினு வருவாங்க. நீங்க அட்டை எடுத்துகினு வந்திருக்கீங்க” என்றார். சேணத்துக்கு அவர் சொன்ன சொல் ஜீனி. எங்களுக்கு ஜீனி என்றால் சர்க்கரைதான். முதலில், காபிக்குக் கேட்கிறார் என்று நினைத்து “கம்மியா போடுங்க” என்று சொல்லிவிட்டேன்.

பச்சை ரெக்சின் போட்ட ஒரு பழைய சேணம் அட்டையோடு அப்படியே பொருந்தியது. “எடுத்துட்டுப் போய் வெச்சுப் பாருங்க, சரியா இருந்தா பேசிக்கலாம்” என்று கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். சேணத்துக்கு ஒரு சீட்டும், எனக்கு நிற்க இடமும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து குதிரைமேல் வைத்தால், முன்னால் கச்சிதம். ஆனால் அழுத்திப் பார்த்தால் பின்பக்கம் துள்ளியது. என் கணவர் என் முகப் பவுடர் டப்பாவை எடுத்துவந்து குதிரை முதுகு முழுக்கத் தட்டினார். சேணத்தை வைத்து என்னைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். பிறகு கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தார். முன்னால் பவுடர் ஒட்டியிருந்தது, பின்னால் ஒட்டியிருந்தது, நடுவில் துளிகூட இல்லை.

“தோளுக்குக் கிட்டயும் பின்னாடியும் மட்டும் உக்காந்திருக்குது. நடுவுல காத்து” என்றார். “குறுக்கால மட்டும் அளவெடுத்துட்டு நெடுக்கால விட்டுட்டேன். இதோட முதுகு குட்டை. இந்தச் சேணம் நீட்டு.” சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பரீட்சையில் பாதி மார்க் போன பிள்ளை மாதிரி முகம். குதிரை மட்டும் மல்லிகைப்பூ வாசனையோடு சந்தோஷமாக இருந்தது.

நெடுக்காகவும் அளவெடுத்துப் புதிதாக அட்டைகள் வெட்டிக்கொண்டு, சேணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். மீதிச் சேணங்களில் எதுவும் இரண்டு அட்டைக்கும் ஒத்துவரவில்லை. சிதம்பரத்துக்காரர் அட்டைகளை வாங்கி வைத்துப் பார்த்தார்.

“இந்த உடம்பை நான் பாத்திருக்கேன்” என்றார். “நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கரும்புக்காரரு. பெரியவரு. இப்ப இல்ல. உருண்டையா ஒரு மட்டக்குதிரை வெச்சிருந்தாரு. அதுமேல போய்த்தான் வயலைச் சுத்துவாரு. குதிரையும் போயிடுச்சு. ஜீனி மட்டும் வீட்டுல கெடக்கும், போய்க் கேளுங்க.”

அடுத்த ஞாயிறு நெல்லிக்குப்பம். ஊர் பூராவும் கரும்பு ஆலையின் பாகு வாசனை. சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. என் கணவர் புதிதாகக் கற்றுக்கொண்ட சொல்லைப் பெருமையோடு டீக்கடையில் எடுத்து விட்டார்.

“இங்க பழைய ஜீனி யாரு வீட்டுல இருக்குது?”

டீக்கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “பழசு எதுக்கு சார்? மில்லுல புதுசாவே மூட்டை மூட்டையா போட்டுகினு இருக்கான்.”

“இல்லைங்க, மேல உக்கார்ற ஜீனி.”

“உக்காந்ததை எப்படி சார் காபில போடுவீங்க?”

குதிரை என்ற சொல்லை நான் நடுவில் நுழைத்த பிறகுதான் வழி கிடைத்தது.

அந்த வீட்டில் கரும்புக்காரரின் மருமகள் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல பருமன், நல்ல சத்தம். வீட்டுக்காரர் ஆலையில் டிராக்டரோடு வரிசையில் நிற்கிறார் என்றும், எப்போது வருவார் என்று கடவுளுக்கும் ஆலைக்கும்தான் தெரியும் என்றும் சொன்னார். வந்த விஷயத்தைச் சொன்னோம்.

“இருக்குது. ஆனா இப்ப குடுக்க முடியாது” என்றார். “ஆள் உக்காந்திருக்காங்க.”

புரியாமல் பின்னாலேயே மோட்டார் கொட்டகைக்குப் போனோம். மூலையில் சேணம் மல்லாக்கக் கிடந்தது. அதன் நடுக் குழிவில் வைக்கோல் பரப்பி, ஒரு சிவப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்களை அது பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன்.

“குஞ்சு பொரிச்சு எழுந்துக்கிற வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது” என்றார் அந்த அக்கா.

“தொட மாட்டேங்க. அட்டையை மட்டும் வெச்சுப் பாத்துக்கிறேன்” என்றார் என் கணவர்.

முதலில் சேணத்தை வெளிப்புறமாகச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு மண்டியிட்டு, கோழியிடம் மரியாதையான குரலில் ஏதோ பேசிக்கொண்டே, நீளத்துக்கு வெட்டிய அட்டையை ஓரமாக நுழைத்தார். கோழி பொறுமையாக இருந்தது. அகலத்துக்கு வெட்டியதை நுழைத்தபோது நறுக்கென்று மணிக்கட்டில் கொத்திவிட்டது. அவர் கையை உதறினாரே தவிர அட்டையை விடவில்லை. அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார். மணிக்கட்டில் ரத்தம், முகமெல்லாம் சிரிப்பு.

“சரியா இருக்குது” என்று கிசுகிசுத்தார். “ரெண்டும் சரியா இருக்குது.”

அந்த அக்கா மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டார். காபி கொடுத்தார். நாங்கள் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டதும் கையை ஆட்டினார்.

“அதெல்லாம் வேணாம் டீச்சர். எங்க மாமனாரு அதுமேல உக்காந்து போறதைக் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பாத்தேன். வரப்பு மேல நான் சோத்துக்கூடையைத் தூக்கிகினு நடப்பேன், அவரு மேல உக்காந்து, ‘வேகமா வாம்மா’ன்னுவாரு. ஒரு வாட்டி ஏறிப் பாக்கலாமான்னு கேட்டதுக்கு, குதிரை முதுகு ஒடிஞ்சிடும்னு சொன்னாரு.” சிரித்தார். சிரித்த பிறகும் கொஞ்ச நேரம் கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னை ஒரு வாட்டி ஏத்திக் காட்டணும். அதான் வெலை.”

அப்புறம் காத்திருந்தோம். என் கணவர் ஆபீசிலிருந்து அடிக்கடி அந்த வீட்டுக்குப் போன் போட்டுக் கோழியின் உடல்நலம் விசாரித்தார். ஒரு நாள் நான் மைதானத்தில் த்ரோபால் ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது என் செல் அடித்தது. “எழுந்துட்டா டீச்சர்! பத்துக் குஞ்சு! வந்து எடுத்துகினு போங்க!” என்று அந்த அக்கா கத்தியது கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகளுக்கும் கேட்டது. மிஸ்ஸுக்குச் சொந்தத்தில் யாருக்கோ பிரசவம் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள்.

சேணத்தைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் போட்டு, வார்களை மாற்றினோம். முதுகில் வைத்ததும் தெரிந்துவிட்டது. அழுத்தினால் ஆடவில்லை. பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் முதுகெலும்புக்கு மேலே வெளிச்சம் நேராகத் தெரிந்தது. ஆனால் ஏறி உட்கார்ந்ததும் வலது பக்கமாக ஒரு சின்னச் சாய்வு. பெரிய இடது தோளின் வேலை. என் கணவர் வலது பக்கத்துக்கு மட்டும் ஒரு மெல்லிய கம்பளித் துண்டை வெட்டி வைத்தார். பவுடர் டப்பா மறுபடி வந்தது. கழற்றிப் பார்த்தபோது சேணத்தின் அடிப்பக்கம் முழுக்க ஒரே சீராக வெள்ளை. அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களுக்கு என்ன பார்க்கிறோம் என்று தெரியவில்லை. நல்லா இருக்கு என்றார்கள்.

முதல் நாள் நடத்திப் போனேன். இரண்டாம் நாள் முனையில் திருப்பினேன், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் செம்மண்டலத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரைவரை போய், ஈர மணலில் துள்ளு நடையில் விட்டேன். காற்று காதில் அடித்தது. நான் வாய்விட்டு ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. பின்னால் மொபெட்டில் வந்த என் கணவர் என்னைப் பார்க்கவில்லை, சேணத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். 2012-ல் வேலை மாற்றலாகி ஊரைவிட்டுக் கிளம்பும்வரைக்கும் அந்தச் சேணத்தில்தான் ஓட்டினேன்.

அந்த அக்காவுக்குக் கொடுத்த வாக்கை ஒரு மாதத்துக்குள் நிறைவேற்றினோம். பஸ்ஸில் வந்து இறங்கினார். நல்ல பட்டுப்புடவை, கீழே மகனுடைய டிராக் பேண்ட். கடற்கரையில் மீன் கூடை ஏற்றுகிற மேடை ஒன்றின் பக்கத்தில் குதிரையை நிறுத்தி ஏற்றினோம். ஏறும்போது நானும் அவரும் சேர்ந்து சிரித்ததில் மூன்று தடவை இறங்கி மறுபடி ஏற வேண்டியதாயிற்று. கடைசியில் உட்கார்ந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். குதிரை ஒரு பெருமூச்சு விட்டது. முதுகு ஒடியவில்லை.

“எல்லாம் எவ்ளோ கீழ இருக்குது டீச்சர்” என்றார்.

கயிற்றைப் பிடித்து நடத்தியது என் கணவர். என் கணவரேதான். கொஞ்ச தூரம் அமைதியாகப் போனார்கள். அக்காவுக்கு என்ன தோன்றியதோ, “வேகமா வாம்மா!” என்று ஒரு சத்தம் கொடுத்தார். அவர் சொன்னது மாமனாரை நினைத்து. குதிரைக்குக் காதில் விழுந்தது அதனுடைய பேர். கிளம்பிவிட்டது.

என் கணவர் கயிற்றை விடாமல் ஏழெட்டு அடி ஓடினார், அப்புறம் மணலில் குப்புற விழுந்தார். நான் செருப்பை உதறிவிட்டு ஓடினேன். வருஷக்கணக்காகப் பிள்ளைகளை ஓடவிட்ட எனக்கு, நூறு மீட்டரில் மூச்சு வாங்கியது. முன்னால் புடவைத் தலைப்பு பறக்க அக்கா போய்க்கொண்டிருந்தார். பின்னால் மணலில் கிடந்தபடியே என் கணவர் கத்தினார்: “அசையல பாரு! சேணம் அசையவே இல்ல!”

குதிரை தானாகவே நின்றது, மாங்காய் விற்கிற அம்மாவின் கூடைக்கு முன்னால். நான் போய்ச் சேர்ந்தபோது அது ஒரு முழு மாங்காயைக் கடித்துக்கொண்டிருந்தது. அக்கா மேலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து, கொண்டை அவிழ்ந்து போயிருந்தது. பயந்துவிட்டாரோ என்று காலைத் தொட்டு, “இறங்குங்கக்கா, புடிச்சுக்கிறேன்” என்றேன்.

“இப்பத்தான ஏறினேன்” என்றார். “எனக்கும் ரெண்டு பத்தை வாங்கிக் குடு டீச்சர். மொளகாப்பொடி ஜாஸ்தியா போடச் சொல்லு.”